24 படம் இருந்தா போதும்: எஸ்இஎம் படத்துக்கு ஏஐ மாடல் ட்ரெயின் பண்றது எப்படி

எங்க லேப்ல வருஷா வருஷம் இதே கூத்துதான். மெட்டலர்ஜி ஜூனியர் ஒருத்தர் வருவார், ப்ராஜெக்ட் டைட்டில்ல ஏஐ-ன்னு ஒரு வார்த்தை இருந்தா போதும்னு சொல்லுவார். கூடவே கம்ப்யூட்டர் சயின்ஸ்ல இருந்து ஒருத்தர் வருவார், "டேட்டாவ மட்டும் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டு லேப்டாப்போட ஒரு மூலையில உக்காந்துருவார். ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்தா ஒருத்தர்கிட்ட 300 எஸ்இஎம் படம் (ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல எடுத்தது) இருக்கும், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, இன்னொருத்தர்கிட்ட 98 சதவீதம்னு ஒரு அக்யூரசி இருக்கும், அது எதோட 98-ன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு, அதான் ஒரேடியா எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன்.

மாதிரிக்கு ஒரு நிஜ வேலைய எடுத்துக்கலாம். அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல கார்னகி மெலன் யுனிவர்சிட்டி இருக்குல்ல, அங்க எலிசபெத் ஹோம் நடத்துன குரூப், ஸ்டீல் மைக்ரோஸ்கோப் படங்கள கம்ப்யூட்டருக்குப் படிக்கக் கத்துக்குடுத்தவங்கள்ல ரொம்ப முக்கியமானவங்க. அல்ட்ரா ஹை கார்பன் ஸ்டீல விதவிதமா ஹீட் ட்ரீட்மெண்ட் பண்ணி எடுத்த 961 எஸ்இஎம் படத்த 2017-ல யார் வேணா எடுத்துக்கலாம்னு ஓப்பனா போட்டாங்க. அப்புறம் 2019-ல, அந்தக் குவியல்ல இருந்து வெறும் 24 படத்துக்கு மட்டும் பிக்சல் பிக்சலா கையால கலர் அடிச்சு, அத வச்சு ஒரு டீப் லேர்னிங் மாடல ட்ரெயின் பண்ணி, எது நெட்வொர்க் கார்பைடு (இரும்பும் கார்பனும் சேந்த கார்பைடு, கிரெய்ன்ங்கிற குட்டிப் படிகங்களோட ஓரத்துல வலை மாதிரி ஓடுறது), எது ஸ்பீராய்டைட் (உருண்டை உருண்டையா கார்பைடு), எது விட்மன்ஸ்டாட்டன் (ஊசி, தட்டு மாதிரி நீளுற கார்பைடு), எது கார்பைடே இல்லாம வெறிச்சோடிக் கிடக்கிற ஃபெரைட் (கார்பன் ரொம்பக் கம்மியான இரும்பு) பட்டைன்னு பிரிச்சுக் காட்டினாங்க. இருபத்தி நாலு படம்தாங்க. ஆயிரக்கணக்குல படம் வேணும்னு யார் சொன்னாலும் இத எடுத்து நீட்டுங்க. ஒரு படம் 645×484 பிக்சல், அதாவது 3 லட்சத்துக்கு மேல, 24 படம்னா கிட்டத்தட்ட 75 லட்சம் பிக்சல், ஒவ்வொண்ணுக்கும் ஒரு லேபிள் இருக்கு. பக்கத்து பக்கத்து பிக்சல் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தக்காரங்கதான், தனித்தனி ஆள் கிடையாது, இருந்தாலும் கம்மி இல்ல.

நீங்களும் உங்க சாம்பிள்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இந்த 24 படத்துலயே ஒருதடவ எல்லாத்தையும் ஓட்டிப் பாத்துருங்க. உங்க ப்ரோக்ராம் சரியா, தப்பான்னு அங்கயே தெரிஞ்சிரும், மைக்ரோஸ்கோப் ஸ்லாட்டுக்கு காசு கட்ட வேண்டியதில்ல. (இந்த ஸ்டீல் நமக்கு ஒண்ணும் அந்நியம் இல்ல. கார்பன் 1 சதவீதத்துக்கு மேல போற ஸ்டீல் குடும்பத்துலதான் வூட்ஸும் (பழைய காலத்துல பேர் போன நம்ம ஊர் உருக்கு) வரும், அந்தப் பேரே நம்ம பக்கத்து உருக்கு, உக்கு வார்த்தைல இருந்து போனதுன்னுதான் நிறைய ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க, ஈரோடு மாவட்டம் கொடுமணல்ல உருக்கு செஞ்ச தடயமே கிடைச்சிருக்கு. சரி, வேலைக்கு வருவோம்.)

உண்மையிலேயே ஏஐ வேணுமா?

இத கேக்காமலே ஆரம்பிக்கிறவங்கதான் அதிகம். கைடு கேக்கப்போறது என்ன நம்பர்னு முதல்ல ஒரு பேப்பர்ல எழுதுங்க: கார்பைடு எத்தன சதவீதம், துகள் சராசரி சைஸ் என்ன, உள்ள துளை எவ்ளோ, இப்படி. அப்புறம் படத்த ஃபிஜில (படம் அளக்கிற ஃப்ரீ சாஃப்ட்வேர்) திறந்து ஓட்ஸு த்ரெஷோல்டு (கறுப்பையும் வெள்ளையையும் பிரிக்கிற வெளிச்ச எல்லைய அதுவே கணக்குப் போடும்) போட்டுப் பாருங்க, 1979-ல வந்த மெத்தட், ஒரு க்ளிக். கறுப்பு வேற வெள்ளை வேறன்னு தெளிவா பிரியுற படத்துக்கு அதுவே போதும். பேக்ஸ்கேட்டர்ல (சாம்பிள்ல பட்டுத் திரும்பி வர்ற எலக்ட்ரான வச்சு) எடுத்த படத்துல கன கன தனிமம் பளிச்சுன்னும் லேசானது கறுப்பாவும் தெரியும், நிறைய கேஸ் அங்கயே முடிஞ்சிரும். அதுல சரிவரலன்னா அதே ஃபிஜில வேக்கா செக்மெண்டேஷன் இருக்கு, இல்லன்னா இலாஸ்டிக், மவுஸால நாலு கோடு கிறுக்கினா அது மிச்சத்த கத்துக்கும். இதுவும் படுத்துச்சுன்னாதான் யூ-நெட் (படத்துல ஒவ்வொரு பிக்சலும் எதுன்னு பிரிக்கிற டீப் லேர்னிங் மாடல்) பக்கம் வரணும். எப்போ படுத்தும்னா, ரெண்டு பேஸுக்கும் (பேஸ்னா படத்துல நாம பிரிக்க வேண்டிய ஒவ்வொரு வகைப் பகுதி) ஒரே கிரே, ஆனா வடிவம் வேற. மேல சொன்ன ஸ்டீல்ல அதான் பிரச்சன, நெட்வொர்க் கார்பைடும் உருண்டை கார்பைடும் பொருளா பாத்தா ஒண்ணேதான், வெளிச்சமும் ஒண்ணேதான், ஒண்ணு கிரெய்ன் ஓரமா மாலை மாதிரி ஓடும், இன்னொண்ணு உள்ள மிளகு தூவுன மாதிரி கிடக்கும். த்ரெஷோல்டுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, நம்ம கண்ணுக்குத் தெரியும், யூ-நெட்டுக்குத் தெரிய வைக்கலாம்.

சாம்பிள் சரியில்லன்னா எல்லாம் வேஸ்ட்

கம்ப்யூட்டர் பசங்களே, தயவுசெஞ்சு ஒருநாள் பாலிஷிங் ரூமுக்கு வாங்க. எமரி ஷீட்ல 220-ல ஆரம்பிச்சு 1200 வரைக்கும் போய், ஒவ்வொரு ஷீட் மாத்தும்போதும் சாம்பிள 90 டிகிரி திருப்பி, முந்தின ஷீட்டோட கோடு ஒண்ணுகூட இல்லாம தேய்ச்சு, அப்புறம் வெல்வெட் துணியில டயமண்ட் பேஸ்ட், கடைசியில எத்தனால்ல 2 சதவீதம் நைட்ரிக் ஆசிட் கலந்த நைட்டல்ல சில நொடி எட்ச் பண்ணிட்டு (மேல்பரப்ப ஆசிட் லேசா அரிக்க விட்டு) வாங்க. அப்பதான் தெரியும், படத்துல குறுக்க ஓடுற அந்த வெள்ளைக் கோடு கார்பைடு இல்ல, 600 ஷீட்ல சோம்பேறித்தனமா விட்டுவந்த கீறல்னு. மாடலுக்கு அது தெரியாது. நீளமா, மெல்லிசா, பளிச்சுன்னு இருந்தா அது நெட்வொர்க் கார்பைடுன்னு அடிச்சு விட்டுரும், எட்ச் ஜாஸ்தியானா துகள் எல்லாம் ஊதிப்போன மாதிரி தெரியும், கம்மியானா பாதி காணாமப்போகும். ஒரே ப்ராஜெக்ட்டுக்கு ஒரே ஆள் ஒரே மாதிரி எட்ச் பண்றதுதான் நல்லது, நொடிய போன்ல டைமர் வச்சு எண்ணுங்க, குத்துமதிப்பா வேண்டாம்.

மைக்ரோஸ்கோப்ல உக்காரும்போது ஆப்பரேட்டர் அண்ணாகிட்ட முன்னாடியே சொல்லிருங்க, கேவி (எலக்ட்ரான் பீமோட வோல்டேஜ்), வொர்க்கிங் டிஸ்டன்ஸ் (லென்ஸுக்கும் சாம்பிளுக்கும் நடுவுல தூரம்), மேக்னிஃபிகேஷன், எந்த டிடெக்டர், நாலும் எல்லா படத்துக்கும் ஒண்ணாவே இருக்கணும்னு. அவர் ஆட்டோ பிரைட்னஸ் கான்ட்ராஸ்ட் பட்டனத் தட்டத்தான் செய்வார், அவருக்கு அது கைப்பழக்கம், மனுசங்க பாக்குறதுக்கு அழகாவும் இருக்கும், ஆனா ஒவ்வொரு படத்துக்கும் கிரே லெவல் ஒவ்வொரு மாதிரி ஆயிரும். பேசிப் பாருங்க, ஒரு டீ வாங்கிக் குடுத்தீங்கன்னா கேப்பார்.

இன்னொண்ணு, நல்லா ஜூம் பண்ணி ஒரு இடத்துல ரொம்ப நேரம் பீம நிறுத்திட்டு அப்புறம் ஜூம் அவுட் பண்ணி படம் எடுத்தீங்கன்னா, நடுவுல கறுப்பா ஒரு செவ்வகம் விழுந்திருக்கும். எலக்ட்ரான் பீம் படுற இடத்துல கார்பன் அழுக்கு படியுறதால வர்றது அது. நான் மொத தடவ இத கவனிக்கவே இல்ல, மாடல் அத அப்படியே தனி பேஸ்னு கலர் அடிச்சுக் குடுத்துச்சு, நானும் ஸ்லைட்ல போட்டுட்டேன். ரிவ்யூல கைடு கண்ணாடியக் கழட்டி தொடச்சு மாட்டிட்டு, "ஏம்ப்பா, இரும்புல செங்கல் மாதிரி மூலை எடுத்த பேஸ் எப்பப்பா கண்டுபுடிச்சீங்க"ன்னு கேட்டார். அதுல இருந்து நான் எப்பவும் கம்மி மேக்னிஃபிகேஷன் படத்த முதல்ல எடுத்துருவேன், ஜூம் அப்புறம்தான்.

சேவ் பண்ணும்போது டிஃப் (TIFF) ஃபார்மட்ல பண்ணுங்க, ஜேபெக் வேண்டவே வேண்டாம், அது சின்ன துகள் ஓரத்துல எல்லாம் பிசுபிசுன்னு கட்டம் போட்டு வைக்கும். வாட்ஸ்அப்ல அனுப்பி வாங்கின படம் கணக்குல சேராது, சிரிக்காதீங்க, அப்படி வந்த தீசிஸ் டேட்டாவ நான் பாத்திருக்கேன்.

ஸ்கேல் பார்

படத்துக்குக் கீழ ஒரு பட்டை வரும்ல, கேவி, மேக்னிஃபிகேஷன், ஸ்கேல் பார் எல்லாம் எழுதியிருக்கும். அத வெட்டி எறியணும், எறியறதுக்கு முன்னாடி அதுல இருக்கிறத ஒரு ஷீட்ல ஏத்தணும். வெட்டாம விட்டா மாடல் பட்டைல இருக்கிற எழுத்தையும் சேத்துப் படிக்கும். ஏத்தாம வெட்டினா கடைசியில கையில இருக்கிறது பிக்சல் மட்டும், மைக்ரான் இருக்காது. கணக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல, 10 மைக்ரான் பார் 250 பிக்சல் நீளம் இருந்தா ஒரு பிக்சல் 40 நானோமீட்டர். மேக்னிஃபிகேஷன் நம்பர நம்பாதீங்க, ஸ்க்ரீன் சைஸப் பொறுத்து அது மாறும், பிக்சல் சைஸ்தான் நிஜம். ஃபைல் பேர்ல சாம்பிள் நம்பர், ஹீட் ட்ரீட்மெண்ட், எத்தனாவது இடம், தேதி, நாலும் இருக்கணும். "ஃபைனல் நியூ 2"ன்னு பேர் வச்சவங்க எல்லாம் பின்னாடி அழுதிருக்காங்க.

கலர் அடிக்கிறது

மொத்த வேலையில பாதி நேரம் இங்கதான் போகும், போகணும். டூலப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க, ஃபிஜில லேப்கிட் இருக்கு, பைத்தான்ல நப்பாரி இருக்கு, நாலு பேர் சேந்து பண்றதா இருந்தா சிவேட். மெட்டா கம்பெனி 2023-ல விட்ட செக்மெண்ட் எனிதிங் மாடல் தனித்தனியா கிடக்கிற துகளுக்கு ஒரு க்ளிக்ல ஓரம் புடிச்சுக் குடுக்கும், ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கிற இடத்துல சொதப்பும், அத திருத்தித்தான் எடுக்கணும்.

டூல விட முக்கியம், கலர் அடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பக்கத்துக்கு ரூல் எழுதுறது. துகளோட ஓரத்துல பளிச்சுன்னு ஒரு வளையம் தெரியும், செகண்டரி எலக்ட்ரான் படத்துல (மேல்பரப்போட மேடு பள்ளத்தக் காட்டுற வகை) ஓரம் எப்பவுமே ஜாஸ்தி மின்னும், அந்த வளையம் துகளுக்கு உள்ளயா வெளியவா? 5 பிக்சலுக்கும் சின்னதா ஒரு புள்ளி இருந்தா அத எண்ணணுமா விட்டுறணுமா? படத்து ஓரத்துல பாதி வெட்டுப்பட்டது? கீறல்? இதுக்கெல்லாம் பதில் எழுதி செவுத்துல ஒட்டுங்க.

ஏன் இவ்ளோ அலட்டிக்கிறேன்னா, நம்ம 40 நானோமீட்டர் பிக்சல்ல 400 நானோமீட்டர் கார்பைடு வெறும் 10 பிக்சல் விட்டம்தான். நீங்க வளையத்த விட்டுட்டு 10 பிக்சல்னு வரையிறீங்க, உங்க ஃப்ரெண்டு வளையத்த சேத்து சுத்திலும் ஒரே ஒரு பிக்சல் தள்ளி 12-ன்னு வரையிறார். ரெண்டு பேர் மேலயும் தப்பு சொல்ல முடியாது. ஆனா பரப்பு விட்டத்தோட வர்க்கம்ல, 1.44 மடங்கு ஆயிருச்சு. உங்க கார்பைடு 10 சதவீதம்னா அவரோடது 14-க்கு மேல. ரெண்டையும் மேல மேல வச்சு ஐஓயூ (ரெண்டு பேருக்கும் பொதுவான பரப்ப, ரெண்டும் சேந்த மொத்தப் பரப்பால வகுத்தது, அப்படியே பொருந்தினா 1) பாத்தா 0.69-தான் வரும். ரெண்டு மனுசங்களுக்குள்ளயே 0.69-ன்னா, மாடல் 0.7 குடுத்துச்சுன்னு அத திட்டி என்ன பிரயோஜனம்? அதனால முதல் மூணு படத்த ரெண்டு பேர் ஒருத்தர ஒருத்தர் பாக்காம தனித்தனியா அடிங்க, ஐஓயூ போடுங்க, எங்க வேறுபடுதுன்னு ஸ்க்ரீன்ல பெருசா போட்டு உக்காந்து சண்ட போடுங்க, ரூல திருத்துங்க, மறுபடி அடிங்க. சின்னத் துகள் நிறைய இருந்தா பேசாம மேக்னிஃபிகேஷன ஏத்தி படத்த திரும்ப எடுங்க, 30 பிக்சல் விட்டத்துல ஒரு பிக்சல் தப்பு அவ்ளோ வலிக்காது.

இந்தச் சண்டைக்குத்தான் மெட்டலர்ஜி ஆளும் கம்ப்யூட்டர் ஆளும் ஒரே டேபிள்ல இருக்கணும்னு சொல்றது. எங்க லேப்ல வாரத்துல ஒரு மத்தியானம் இதுக்குன்னே ஒதுக்கியிருக்கோம், ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒருத்தர் தொடர்ந்து அடிச்சா கண்ணு சொக்கி கோடு அலையும், அதனால மாத்தி மாத்தி.

எந்தப் படம் எந்தப் பக்கம்

நான் வாழ்க்கையில கேவலமா மாட்டுனது இங்கதான். 8 படம் இருந்துச்சு, ஒவ்வொண்ணையும் சின்னச் சின்ன கட்டமா வெட்டி, எல்லாத்தையும் ஒண்ணா குலுக்கி, 80 சதவீதம் ட்ரெயினிங், 20 டெஸ்ட்னு பிரிச்சேன். ரிசல்ட்டு பிரமாதம். புது சாம்பிள் படத்துல ஓட்டினா குப்பை. யோசிச்சா சிம்பிள், ஒரே படத்தோட பக்கத்து பக்கத்து கட்டங்கள் ட்ரெயினிங்லயும் இருக்கு டெஸ்ட்லயும் இருக்கு, ஒரே துகளோட தலை இங்க வால் அங்க, பரீட்சைக்கு முந்தின நாளே கொஸ்டின் பேப்பர் கைக்கு வந்த மாதிரி. முதல்ல சாம்பிள் வாரியா பிரிங்க, அப்புறம்தான் கட்டமா வெட்டணும். மூணாம் நம்பர் சாம்பிள் டெஸ்ட்டுக்குன்னு முடிவு பண்ணிட்டா அதோட ஒரு படம்கூட ட்ரெயினிங் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது. சாம்பிள் கம்மியா இருந்தா ஒவ்வொரு சாம்பிளா மாத்தி மாத்தி வெளிய வச்சு ட்ரெயின் பண்ணி, எல்லா ரிசல்ட்டையும் போடுங்க, நல்லா வந்தத மட்டும் போடாதீங்க.

மாடல்

பாதிப் பேர் இங்க இருந்துதான் ஆரம்பிப்பாங்க, ஆனா சொல்றதுக்கு ரொம்ப இல்ல. யூ-நெட் எடுங்க. ஜெர்மனியில ஃப்ரைபர்க் யுனிவர்சிட்டியில 2015-ல உயிரியல் படங்களுக்காகப் பண்ணது, அவங்க அதுல எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படங்களுக்கு ட்ரெயின் பண்ணது வெறும் 30 படத்துல. பைடார்ச்சுல ரெடிமேடா கிடைக்குது, என்கோடருக்கு (படத்துல இருந்து அடையாளத்தப் பிடிக்கிற முதல் பாதி) ரெஸ்நெட் 34-ங்கிற ரெடிமேட் நெட்வொர்க் போதும். வெயிட்ஸ (மாடல் கத்துக்கிட்டத வச்சிருக்கிற நம்பர்கள்) பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க, ஏற்கனவே ட்ரெயின் ஆனதப் போடுங்க. நாய், கார், பஸ் பாத்து வளந்த இமேஜ்நெட் வெயிட்ஸே ஆச்சரியமா வேலை செய்யும், அதவிட நாசா ஆளுங்க 2022-ல விட்ட மைக்ரோநெட்னு ஒண்ணு இருக்கு, 1 லட்சத்துக்கு மேல மைக்ரோஸ்கோப் படங்கள பாத்து ட்ரெயின் ஆனது, படம் கம்மியா இருக்கிறவங்களுக்கு அது கைகொடுக்கும்.

கட்டம் 256-க்கு 256 பிக்சல், பேட்ச் (ஒரு தடவைக்குக் குடுக்கிற கட்டங்கள்) 8, வெயிட்ஸ திருத்துறதுக்கு ஆடம்ங்கிற முறை, லேர்னிங் ரேட் (ஒரு தடவைக்கு எவ்ளோ திருத்தணும்ங்கிறது) 0.0001, இதுல ஆரம்பிங்க. முழு டேட்டாவ ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு படத்த மட்டும் குடுத்து அத மனப்பாடம் பண்ணுதான்னு பாருங்க. ஒரு படத்தையே மனப்பாடம் பண்ண முடியலன்னா ப்ரோக்ராம்ல எங்கயோ ஓட்டை இருக்கு, பெரும்பாலும் படமும் மாஸ்க்கும் (கலர் அடிச்ச லேபிள் படம்) ஜோடி மாறியிருக்கும். லாஸுக்கு (மாடல் எவ்ளோ தப்பு பண்ணுதுன்னு அளக்கிற நம்பர்) டைஸ், க்ராஸ் என்ட்ரோபி, இந்த ரெண்டு அளவையும் கூட்டிப் போடுங்க. படத்துல 90 சதவீதம் மேட்ரிக்ஸ்னா (துகளச் சுத்தி இருக்கிற அடிப்படை உலோகம்), எல்லாத்தையும் மேட்ரிக்ஸ்னு கண்ண மூடிட்டுச் சொன்னாலே 90 சதவீத அக்யூரசி வந்துரும், அதுக்கு எதுக்குங்க ஜிபியு? அதனால ரிப்போர்ட்ல மொத்த அக்யூரசிய எழுதாதீங்க, ஒவ்வொரு பேஸுக்கும் தனித்தனியா ஐஓயூ எழுதுங்க.

ஆக்மெண்டேஷன்ல (இருக்கிற படத்தையே மாத்தி மாத்தி புதுப் படமா குடுக்கிறது) திருப்புறது, கவுக்குறது, வெளிச்சத்த லேசா கூட்டிக் குறைக்கிறது எல்லாம் ஓகே, எல்லா பக்கமும் ஒண்ணு மாதிரி இருக்கிற ஸ்டீலுக்கு. ரோலிங் பண்ண தகடுன்னா கிரெய்ன் ஒரு பக்கமா நீண்டு கிடக்கும், 90 டிகிரி திருப்பினா நிஜத்துல இல்லாத ஒரு மெட்டீரியல மாடலுக்குச் சொல்லிக் குடுக்கிறீங்க. கோட்டிங்கோட குறுக்குவெட்டுன்னாலும் அதே கதை, மேல இருக்கிற ஆக்சைடு கீழ போயிரும். கோலாப்ல கிடைக்கிற ஃப்ரீ ஜிபியு இந்த சைஸுக்கு தாராளம்.

வந்த நம்பர சோதிக்கிறது

ஐஓயூ பாத்து சந்தோஷப்பட்டுட்டு நிறுத்திராதீங்க. கைடுக்கு வேண்டியது கார்பைடு சதவீதம், அத பழைய முறையில ஒருதடவ எண்ணிப் பாருங்க. ஏஎஸ்டிஎம் ஈ562-ன்னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, படத்து மேல புள்ளிக்கட்டம் வச்சு எத்தன புள்ளி கார்பைடு மேல விழுதுன்னு எண்ணுறது, ஓரத்துல விழுந்தா அரை. நூறு புள்ளில 12 விழுந்தா 12 சதவீதம், அவ்ளோதான். இப்படி டெஸ்ட் படங்கள்ல எண்ணி மாடல் நம்பரோட பக்கத்துல வச்சுப் பாருங்க. சில சமயம் ஐஓயூ சுமாரா இருக்கும், ஆனா சதவீதம் சரியா இருக்கும், ஏன்னா இங்க ஒரு பிக்சல் கூட அங்க ஒரு பிக்சல் கம்மின்னு தப்பு ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சிரும். சில சமயம் சதவீதம் சரி, துகள் சைஸ் மட்டும் ரெண்டு மடங்கு, ஒட்டிக் கிடக்கிற ரெண்டு துகள ஒண்ணா எண்ணியிருக்கும், வாட்டர்ஷெட் (ஒட்டினத வெட்டிப் பிரிக்கிற முறை, ஃபிஜிலயே இருக்கு) போட்டு பிரிச்சுப் பாருங்க. எந்த நம்பர வெளிய சொல்லப்போறீங்களோ அந்த நம்பர சோதிங்க.

அப்புறம் படத்தையும் மாஸ்க்கையும் மேல மேல வச்சு, ஒவ்வொண்ணா கண்ணால பாருங்க. டேபிள்ல தெரியாத செங்கல் எல்லாம் இங்க தெரியும்.

வேற மைக்ரோஸ்கோப்ல, வேற கேவில, இல்ல ஃபிலமெண்ட் (எலக்ட்ரான் வர்ற கம்பி) மாத்தின பிறகு எடுத்த படத்துல மாடல் தடுமாறும், அது சகஜம். அந்தப் புதுப் படத்துல ரெண்டு மூணுக்கு கலர் அடிச்சு சேத்து, திரும்ப கொஞ்ச நேரம் ட்ரெயின் பண்ணா சரியாயிரும். அணு அணுவா தெரியுற எஸ்டிஇஎம் (பீம் சாம்பிள ஊடுருவிப் போற ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) படங்களுக்கு வழி வேற, அங்க கையால கலர் அடிக்கிறதுக்குப் பதிலா சிமுலேஷன் படத்துலயே ட்ரெயின் பண்ணலாம், அணு எங்க இருக்குன்னு நாமளே வச்சது தானே, லேபிள் இலவசம். அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் நேஷனல் லேப் ஆளுங்க ஆரம்பிச்ச ஆட்டம்ஏஐ-ன்னு ஒரு பேக்கேஜ் அதுக்குன்னே இருக்கு. அத இன்னொரு நாள் எழுதுறேன்.

லேப விட்டுக் கிளம்பும்போது ஃபோல்டர்ல மாடல் ஃபைல மட்டும் வச்சிட்டுப் போகாதீங்க. ஒரிஜினல் டிஃப், மாஸ்க், பிக்சல் சைஸ் ஷீட், செவுத்துல ஒட்டின அந்த ரூல் பேப்பரோட ஒரு போட்டோ, எந்த சாம்பிள் எந்தப் பக்கம்னு ஒரு லிஸ்ட், எட்ச் பண்ண நொடி, எல்லாம் சேத்து வைங்க. எனக்கு முன்னாடி இருந்த சீனியர் மாடல மட்டும் வச்சிட்டுப் போனார், அதுக்குள்ள பேஸ் 0, 1, 2, 3-ன்னு இருந்துச்சு, எது கார்பைடுன்னு கண்டுபுடிக்க அவருக்கு போன் போட்டேன், அவர் ஐடி கம்பெனில மீட்டிங்ல இருந்தார், "ரெண்டுதான்னு நினைக்கிறேன்டா"ன்னார். மூணு.